'கொள்ளாம்' என்று சொல்லிவிட்டுப் போன தம்பி



எங்கள் விளவங்கோடு பக்கத்தில் "எப்படி இருக்க?" என்று கேட்டால் "கொள்ளாம்" என்பார்கள். நல்லா இருக்கேன், பரவாயில்லை, சொல்ல ஒன்றுமில்லை, இதற்கு மேல் கேட்காதே. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அது மலையாளமா தமிழா என்று சண்டை போட இரண்டு பக்கமும் ஆள் உண்டு. எனக்கு அந்தச் சொல்மேல் இருக்கிற வருத்தம் வேறு.

குழித்துறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் கூடுகிற படிப்பகத்துக்கு ஒரு தம்பி ஐந்து மாதம் விடாமல் வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவான், நாற்காலி போடுவான், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவான். "எப்படி மக்கா இருக்க?" என்றால் "கொள்ளாம் அண்ணே". ஆறாவது மாதம் வரவில்லை. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் இருந்தார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். கல்லூரியில் கட்டணம் பாக்கி, தேர்வு எழுத விடவில்லை, பிள்ளை திருவனந்தபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டான் என்றார். "உங்கள்ட்ட சொல்லியிருப்பான்னுல்லா நான் நெனச்சேன்" என்றார்.

திரும்பி வந்து எங்கள் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் அதிகம் பேசியது எதைப்பற்றித் தெரியுமா? மாணவர் உதவித்தொகை தாமதம் பற்றி. மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மனுவின் நகலை எழுதச் சொன்னது அவனைத்தான். தன் கதையைத் தானே எழுதி, கீழே பன்னிரண்டாவது ஆளாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். எங்களில் ஒருவருக்கும் அது அவன் கதை என்று தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அவன் சாம்பவர் சமூகத்துக் கிறித்தவன். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். "பி.சி.க்கு இந்த உதவி கிடையாது" என்று கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் சொல்ல, அவனும் நம்பிவிட்டான். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் மேற்படிப்பு உதவித்தொகையை மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. எங்கள் படிப்பகத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு நாள் அவன் வாயைத் திறந்திருந்தால் போதும். வாயைத் திறக்க நாங்கள் இடம் வைக்கவில்லை என்பதுதான் சரி.

இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது.

அவன் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தார். தொண்டு நிறுவனக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு 'செக்-இன்' பழக்கமாக இருக்கும். கூட்டம் தொடங்குமுன் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் இப்போது என்ன மனநிலையில் இருக்கிறோம் என்று சொல்வது. நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்று அதை ஒரு விளையாட்டாக்கிக் கேட்பார்கள். இன்று நீ என்ன வானிலை, என்ன நிறம், என்ன விலங்கு, ஒரு கோடு வரைந்து காட்டு, இந்தப் படங்களில் ஒன்றை எடு, இப்படி. அன்று அவர் கேட்டது, "உங்க மனநிலை என்ன பழம்?" ஒருவன் "கூழஞ்சக்கை" என்றான். வெளியே முள், உள்ளே கொழகொழ. கூரை இடிந்து விழுகிற சிரிப்பு. பயிற்சியாளர் ஊருக்குப் போனபிறகு ஒரு மாதம் அவரைப்போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான். "போராட்டம் நடத்துறோமா, பால்வாடி நடத்துறோமா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

அந்தத் தம்பி அன்று என்ன பழம் சொன்னான் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. கேட்கவே இல்லை போலிருக்கிறது.

உணர்ச்சியைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவது வெளிநாட்டு நிதியோடு வந்த பழக்கம் என்று நம் மூத்த தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குழித்துறை பழைய திருவிதாங்கூரில் இருந்த ஊர். அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையைத்தான் கழுத்தில் போடவேண்டும் என்று இருந்தது. சாதியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட அடையாளம் அது. அதை எறியுங்கள் என்று அய்யன்காளியின் இயக்கம் சொன்னபோது 1915-ல் பெரிநாட்டில் ஆதிக்க சாதியினர் தாக்கினார்கள், குடிசைகள் எரிந்தன. அதே ஆண்டு இறுதியில் கொல்லத்தில் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தில் அய்யன்காளி கேட்டுக்கொள்ள, பெண்கள் மேடைக்கு வந்து கல்லுமாலையை அறுத்துப் போட்டார்கள். மாலைகள் குவிந்தன.

அதுவும் ஒரு கூட்டம்தான் தோழர்களே. அந்தப் பெண்கள் யாரும் தீர்மானம் வாசிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கழுத்தில் இருந்த அவமானத்தைக் கையால் தொட்டு, எல்லோருக்கும் முன்னால் கழற்றி வைத்தாள். பக்கத்தில் நிற்பவளும் அதையே கழற்றுகிறாள் என்று கண்ணால் பார்த்தாள். தனக்குள் 'என் தலையெழுத்து' என்று இருந்தது அந்த நொடியில் 'நம் வழக்கு' ஆனது. படைப்பாற்றலோடு உணர்வைப் பகிர்வது என்று பயிற்சிக் கையேடுகள் எழுதுவதை, கையேடு இல்லாமல் அவர்கள் செய்தார்கள்.

அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து பரோடா அரசின் வேலையில் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்குகிறார். பதினொன்றாம் நாள் தடியோடு வந்து வெளியே போ என்கிறார்கள். ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ஒரு பூங்காவில் போய் உட்கார்கிறார். அந்த மாலையில் மனம் வெறுமையாக இருந்ததையும், நிராதரவான குழந்தையைப்போலத் தாய் தந்தையை நினைத்துக்கொண்டதையும் அவர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். சட்ட மேதை, பொருளாதார அறிஞர் என்று நாம் சிலை வைத்திருப்பவர், பூங்காவில் பெற்றோரை நினைத்துக் கலங்கியதை மறைக்கவில்லை. நம் சுவரொட்டிகளில் அவர் எப்போதும் விரலை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார். அந்தப் பூங்காவையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1974-ல் கூடத் தொடங்கிய கறுப்பினப் பெண்களின் குழு ஒன்று உண்டு, கோம்பாஹி ரிவர் கலெக்டிவ். அவர்களுடைய 1977 அறிக்கை இன்றும் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அந்த அரசியல், ஒருவர் வாழ்க்கையை மற்றவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த கூட்டங்களிலிருந்து வந்தது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்தது எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் அவர்களால் அறிக்கை எழுத முடிந்தது.

இவ்வளவும் செக்-இன்னுக்கு ஆதரவாகச் சொன்னேன். இனி எதிராக. இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் கையேடுகளில் வருகிற கேள்விகள் யாருக்காக எழுதப்பட்டவை? "உன் வீட்டை வரைந்து காட்டு." "உன் பெயருக்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்." "பாட்டி வீட்டில் உனக்குப் பிடித்த சாப்பாடு எது?" "உன் ஊரில் உனக்குப் பிடித்த இடம்?" "தாத்தா பாட்டியின் பொருள் ஒன்றைக் கொண்டுவா." கேட்பவருக்கு இவை பூப்போன்ற கேள்விகள். தமிழ்நாட்டில் இவை ஒவ்வொன்றும் சாதி விசாரணை. ஊர் எது என்று கேட்டு, ஊரில் எங்கே என்று கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு முடிகிற அதே விசாரணை, இப்போது சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு வருகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஒரு சொல் வசையாகிவிட்டது என்று அரசே ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டு ஆனது. நாம் ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு "உன் தெருவை வரை" என்கிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது இன்னும் கூர்மையானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். எங்கள் மாவட்டத்தில் 4 பேர் அளவுதான். நான் சொன்ன தம்பியைப் போன்ற கிறித்தவர்கள் அந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இருபத்தைந்து பேர் உட்காரும் வட்டத்தில் நம் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருக்கும். மாவட்டமோ எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம், "இங்கெல்லாம் யாரு சாதி பாக்கா?" என்று மார்தட்டுகிற மாவட்டம். அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் மனநிலையை உண்மையாகச் சொன்னால் ஊரின் பெருமையைக் கெடுத்தவளாகிவிடுவாள். அவள் "கொள்ளாம்" என்றுதான் சொல்வாள். வேறென்ன சொல்ல?

(இடையில் ஒன்று. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் கதையை எங்கள் மாவட்டம் வெள்ளைக்கார மிஷனரிகளிலிருந்து தொடங்கும். ரிங்கல்தௌபேயை 1806-ல் மயிலாடிக்கு வரவழைத்தவர் மகாராசன் வேதமாணிக்கம், ஒரு சாம்பவர். எழுத்தறிவுப் பெருமையில் அவர் பங்கைக் கேட்டால் பலருக்குப் பெயரே தெரியாது.)

நிற விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 'இன்று உன் மனம் என்ன நிறம்?' என்பது உலகம் முழுக்கப் புழங்குகிற செக்-இன். எங்கள் குழுவில் இங்கே கல்லூரியில் படிக்கிற வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒருநாள் மேசையில் நிற நூல்களைப் பரப்பி வைத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னோம். நல்ல யோசனை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நெல்லைப் பக்கத்துத் தம்பி ஒருவன் நூலைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பள்ளிக்கூடத்தில் கயிற்றின் நிறம்தான் சாதி. எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று இங்கே எழுதப்போவதில்லை, அது விளம்பரமாகிவிடும். 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, சில நாட்களிலேயே அது அரசியல் எதிர்ப்பில் சிக்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, நிறக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொல்கிறது. இதையெல்லாம் படித்தவன் நான். படித்துவிட்டு நூலை மேசையில் பரப்பியவனும் நான்தான். அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே" என்றான். பரவாயில்லை என்பது நெல்லைக் கொள்ளாம்.

அடுத்தது, கலப்புக் கூட்டங்களில் நடப்பது. ஆதிக்க சாதியில் பிறந்து நம்மோடு நிற்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செக்-இன் சுற்று அவர்களிடம் வரும்போது சிலருக்குக் குற்ற உணர்ச்சி பெருகிவிடும். தாத்தா செய்ததைச் சொல்லி அழுவார். நம் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடுவார்கள். இருபது நிமிடம் போய்விடும். கடைசியில் யாருடைய காயத்துக்கு யார் மருந்து போட்டார்கள் என்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். அந்த நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது: ஆளுக்கு இரண்டு நிமிடம், உங்களுக்கும் அதே இரண்டு நிமிடம்.

நிதி கொடுப்பவருக்கு அறிக்கை எழுதவேண்டும் என்று செக்-இன்னைப் படம் எடுப்பவர்களைப் பற்றி எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. ஒரு பெண் கண்ணீரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா 'கிளிக்' என்றது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவ்வளவுதான்.

இந்தச் சுற்றை நடத்தும் வேலை யார் தலையில் விழுகிறது என்றும் பாருங்கள். சார்ட் வரைவது, பூ ஒட்டுவது, "எல்லாரும் ஓகேவா?" என்று கேட்பது, அழுதவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போவது எல்லாம் தங்கச்சிகள். தீர்மானம், மேடை, பேட்டி எல்லாம் தம்பிகள். எங்கள் படிப்பகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு தங்கச்சி பென்சிலை மேசையில் வைத்துவிட்டு "மனசைப் பாக்குறதும் டீ போடுறதும் எங்க சோலியா?" என்று கேட்டபிறகுதான் முறை வைத்தோம். இப்போது சுற்று நடத்தும் முறை வாராவாரம் மாறும். ஆண்கள் நடத்தும் வாரங்களில் அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? குழித்துறை ஆற்றின் குறுக்கே தாழ்வான சப்பாத்துப் பாலம் ஒன்று உண்டு. மலையில் மழை கொட்டி அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தால் ஆறு அதன்மேல் ஏறிவிடும். பாதையை அடைப்பார்கள், பெரிய பாலம் வழியாகச் சுற்றவேண்டும். இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சப்பாத்துல தண்ணி எவ்வளவு?" கல்லு தெரியுது என்றால் நிம்மதி, அல்லது வறட்சி, அவரவர் பாடு. சப்பாத்துக்குக் கீழே, சப்பாத்து மட்டம், சப்பாத்து முங்கிட்டு. இவ்வளவுதான் பதில். விளக்கம் சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம். "நான் கேட்டுட்டு இருக்கேன்" என்று சொன்னால் சுற்று அடுத்த ஆளுக்குப் போய்விடும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கேள்வியில் வீடு இல்லை, தெரு இல்லை, சோறு இல்லை, தாத்தா இல்லை. ஆறு எல்லோருக்கும் பொது. (அதுகூட எப்போதும் பொதுவாக இருந்ததில்லை என்று ஒரு தோழர் நினைவுபடுத்தினார். உண்மைதான்.) நீங்கள் வேறு ஊரில் இருந்தால் உங்கள் ஊரிலிருந்து ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எங்களுடையதை அப்படியே எடுக்காதீர்கள், சப்பாத்து பார்க்காதவனுக்கு அது இன்னொரு பழ விளையாட்டுதான்.

முதலில் பேசுவது அன்று கூட்டம் நடத்துபவர். மூத்தவர்கள் தங்கள் தண்ணீர் மட்டத்தைச் சொல்லாமல் தம்பி தங்கைகளை மட்டும் கேட்டால் அது டாக்டர் நோயாளியைக் கேட்பது. நான் முதல் தடவை "முங்கிட்டு" என்று சொன்னபோது அறை கொஞ்சநேரம் பேச்சில்லாமல் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. பதினைந்து வருடம் கூட்டம் நடத்தியவன், என் வீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் சொன்னது அன்றுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதிக்கு வருகிறேன். சுற்று முடிந்த பிறகுதான் நிகழ்ச்சி நிரலை எழுதுகிறோம். முன்பே அச்சடித்துக்கொண்டு வருவதில்லை. யாராவது "முங்கிட்டு" என்றால், அவர் சம்மதித்தால், அதுதான் முதல் பொருள். இந்த ஒன்று இல்லையென்றால் செக்-இன் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். ஒருத்தி கண்ணீரோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, "நன்றி தோழர், இப்போ பொருள் ஒன்று" என்று போவது, கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

நம் பிள்ளைகளின் மனவேதனை பெரும்பாலும் வெறும் மனவேதனை அல்ல. அதற்கு ஒரு ரசீது இருக்கும், ஒரு கோப்பு இருக்கும், ஒரு ஆள் இருப்பார். 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோஹித் வெமுலா கடைசியாக எழுதிய கடிதத்தை எல்லோரும் நட்சத்திரங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அதே கடிதத்தில் ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வரவேண்டியிருக்கிறது, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்றும் இருக்கிறது. நண்பனுக்குத் தரவேண்டிய கடனும் இருக்கிறது. வேதனையும் தொகையும் ஒரே தாளில். அவற்றைப் பிரித்து, வேதனையை ஆலோசகரிடமும் தொகையை அலுவலகத்திடமும் அனுப்புவதுதான் நிறுவனங்கள் செய்கிற வேலை. நாம் அதைச் செய்யக் கூடாது.

சில நேரம் சுற்றில் வருவது குற்றமாகவே இருக்கும். மூன்று ஞாயிறு "கேட்டுட்டு இருக்கேன்" என்று சொன்ன கலைக் கல்லூரித் தங்கச்சி ஒருத்தி நாலாவது ஞாயிறு "முங்கிட்டு" என்றாள். விவரத்தைக் கூட்டத்தில் சொல்லவில்லை, முடிந்தபிறகு இரண்டு அக்காக்களிடம் சொன்னாள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியிருக்கிறார்கள், அவளையும் அவள் தோழியையும். பலர் பார்க்கும் இடத்தில் அப்படிச் செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் வரும். இவள் இந்து, அவளுக்குச் சட்டம் உண்டு. தோழி கிறித்தவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதி இல்லை, அந்தச் சட்டம் அவருக்கு இல்லை. ஒரே மேசை, ஒரே வசை, ஒருத்திக்கு வழக்கு, இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் அன்று அழுதது ஒரே அழுகையாகத்தான் இருந்திருக்கும்.

எங்களில் சிலருக்கு உடனே வழக்குப் போடவேண்டும் என்று துடிப்பு. அவள் வேண்டாம் என்றாள். தோழியை விட்டுவிட்டுத் தான் மட்டும் போகமாட்டேன், எங்கள் இரண்டு பேருக்கும் அறை மாற்றித் தரவேண்டும், இனி நடக்கக் கூடாது, அதுதான் வேண்டும் என்றாள். ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகளே சொன்னவை. அந்த அலுவலர் யார் என்று கல்லூரியில் கேட்டோம். அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தில் கேட்டோம். பத்து நாளில் அறை மாறியது, அலுவலர் ஒருவரின் பெயரும் அறிவிப்புப் பலகையில் வந்தது. எங்களுக்கு அது பாதி வெற்றிதான். ஒரு நல்ல வழக்கு போச்சே என்று வருத்தப்பட்ட தோழரிடம் நான் கடுமையாகவே பேசினேன். அவள் சொன்னது அவளுடையது, நம் போராட்டத்துக்கான கச்சாப் பொருள் அல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வட்டத்தில் யாராவது உயிரை விடும் பேச்சைப் பேசினால், விளையாட்டாகச் சொன்னாலும், அது சப்பாத்துக் கேள்வியில் தீரும் விஷயம் அல்ல. தனியே விடாதீர்கள். 14416 டெலி-மானஸ், 104 மாநில உதவி எண். இரண்டும் எங்கள் படிப்பகச் சுவரில் எழுதியிருக்கிறது. கூடவே போய் மருத்துவரைப் பாருங்கள். வட்டம் என்பது வட்டம்தான், மருத்துவமனை அல்ல.

மூத்த தோழர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எண்பதுகளிலிருந்து களத்தில் இருப்பவர், எனக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தவர். "அழுறதுக்கு வீடு இருக்குடே, சங்கம் எதுக்கு?" என்கிறார். நான் அவரிடம் வாதாடவில்லை. மூன்று சென்ட் வீட்டில் ஆறு பேர், நடுவில் ஒரு சேலைத் திரை. எந்த மூலையில் போய் அழுவது? அவரும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், சுற்றின்போது வாசலில் நின்று பீடி பிடிக்கிறார். போன மாதம் உள்ளே வராமலே, வாசலில் இருந்தபடி "எனக்கு மட்டம்" என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

ஆடி அமாவாசைக்கு வாவுபலி பார்க்க அந்தப் பாலிடெக்னிக் தம்பி ஊருக்கு வந்திருந்தான். அம்மா சொல்லியிருப்பார் போல, ஞாயிறு படிப்பகத்துக்கு வந்தான். கையில் பெயின்ட் கறை. மெலிந்திருந்தான். பழைய பழக்கத்தில் நாற்காலிகளை அவனே போட்டான். சுற்று அவனிடம் வந்தது.

"கொள்ளாம்" என்றான்.

கலைக் கல்லூரித் தங்கச்சிதான் அன்று சுற்று நடத்தியது. "கொள்ளாம்னா எந்த மட்டம் அண்ணே?" என்றாள். அவன் சிரித்தான், தரையைப் பார்த்தான். பாக்கி இன்னும் பதினாலாயிரத்துச் சொச்சம் என்றான். அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் வேறு எங்கும் சேரவும் முடியவில்லை என்றான். அன்றைய பொருள் ஒன்று அதுதான். கிறித்தவ ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகைக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினோம், இந்தமுறை வேறொருவர் கையெழுத்தில். திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி அலுவலகத்துக்கு அவனோடு யார் போவது என்று கேட்டேன். ஆறு பேர் கை தூக்கினார்கள்.

ரெண்டு பேர் போதும் என்றான்.